ஊசி பிடித்த உபாத்தியாயினி

அரசியல் கிளர்ச்சிக்காரர்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மேடைப் பிரசங்கங்களையும் சிறைவாசங்களையுமே கணக்கெடுக்கின்றனர். அவர் தினந்தோறும் செய்துவந்த தொழில் யாது, அதை எவ்வாறு செய்தார் என்று விசாரிப்பவர் சிலரே. ஸ்காட்லாந்து தேசத்தில், கிளாஸ்கோ நகரத்துச் சித்திரக் கலாசாலையில் கால் நூற்றாண்டுக் காலம் தையற்கலை போதித்த ஆன் மக்பெத் அம்மையாரின் வாழ்க்கையை அவ்விதம் எழுதினால் அதில் பெரும் பகுதி விட்டுப் போகும்.

தையலைப் பற்றி அரசியல் பத்திரிகையில் என்ன பேச்சு என்று நேயர்கள் சிலர் நினைக்கலாம். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் ஆரம்பப் பாடசாலைகளில் சிறுமியருக்குத் தையல் கட்டாயப் பாடமாயிருந்தது. அது எத்தகைய பாடம்? வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தையல்களை வரிசை பிசகாமல் இடுவது. பிசகினால் பிரித்துவிட்டு மறுபடியும் இடுவது. ஏழைக் குடும்பத்துப் பெண் நாளை ஒரு சீமாட்டியின் வீட்டில் ஊழியம் செய்ய வேண்டியவள். அதற்கு வேண்டிய பொறுமையும் கீழ்ப்படிதலும் ஊசி முனை வழியாகப் புகட்டப்பட்டன. குழந்தையின் பார்வை கெடுவதைப் பற்றியோ, அதன் மனத்தில் ஏதேனும் ஒரு கற்பனை உதிக்குமா என்பதைப் பற்றியோ கவலைப்பட்டவர் அதிகமில்லை.

ஆன் மக்பெத் 1875-ம் வருஷம் இங்கிலாந்தில் போல்டன் நகரையடுத்துப் பிறந்தார். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், எஞ்சினீயர். பாட்டனார் பெயர் பெற்ற சித்திரக்காரர். ஒன்பது குழந்தைகளில் மூத்தவரான அம்மையார், இளமையில் கண்ட ஜ்வரத்தால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டே உலகம் போற்றும் ஊசி வேலைகளைச் செய்து முடித்தார் என்பதை அறியும்போது, குழந்தைகளின் கண்களைக் காக்க அவர் பிற்காலத்தில் ஏன் அத்தனை வாதாடினார் என்பது நன்கு விளங்கும்.

1897-ல் அவர் கிளாஸ்கோ கலாசாலையில் மாணவியாகச் சேர்ந்தார். அங்கே தலைமை ஆசிரியர் பிரான்சிஸ் நியூபெரியின் மனைவி ஜெஸ்ஸி நியூபெரி அம்மையார் 1894-ல் ஒரு தையல் வகுப்பை ஆரம்பித்திருந்தார். பட்டும் ஜரிகையும் வாங்க வசதியுள்ளவர்க்கே பூவேலை உரியது என்ற கொள்கையை அவர் ஏற்கவில்லை. காடாத் துணியும், சணல் துணியும், முரட்டு லினனும் போதும் என்றார். அவ்வகுப்பில் வளர்ந்த முறை ஒட்டுத் தையல். அதாவது அடித் துணியின் மேல் வேறு நிறத் துணித் துண்டுகளை உருவமாக வெட்டி வைத்து, ஓரங்களை நூலால் மூடித் தைப்பது. ஒரு துண்டின் மேல் மற்றொரு துண்டு, அதன் மேல் பட்டு நூல், அதன் மேல் மணிகள், நாடா, பின்னல் கயிறு என்று அடுக்கடுக்காக வேலை ஏறும். இளஞ்சிவப்புப் பட்டுத் துண்டை ஏறக்குறைய வட்டமாக நறுக்கி வைத்து, நாலைந்து வளைந்த கோடுகளைத் தைத்துவிட்டால் ரோஜா மலர் தயார். நூலிழையால் ஒவ்வொரு இதழையும் நிரப்பி மாதக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. கத்தரிக்கோலே இங்கு எழுதுகோல்.

மக்பெத் 1901-ல் ஜெஸ்ஸிக்கு உதவி ஆசிரியையானார். 1908-ல் ஜெஸ்ஸி விலகியபின் அப்பகுதியின் தலைமை அவரிடம் வந்தது. அவருடைய சொந்த வேலைப்பாடுகளுக்கு அன்னிய தேசங்களிலும் கௌரவங்கள் கிடைத்தன. ஆயினும் அவர் பெருமையை நாம் தேட வேண்டிய இடம் பாடசாலை உபாத்தியாயினிகளுக்காக நடந்துவந்த சனிக்கிழமை வகுப்பேயாகும். வாரமெல்லாம் குழந்தைகளோடு போராடிய ஆசிரியைகள் சனிக்கிழமை அங்கு வந்து தாங்களே மாணவிகளாயினர். ஒருத்திக்குக் கற்பித்தால் ஒரு பாடசாலைக்கே கற்பித்ததாகும் என்ற கணக்கு நமது நாட்டுத் தொண்டர்களுக்குப் புதிதல்ல.

அவ்வகுப்பின் அனுபவத்தைக் கொண்டு மார்கரெட் ஸ்வான்ஸன் என்ற ஆசிரியையுடன் சேர்ந்து அவர் 1911-ல் தையற்கல்வி பற்றிய நூலொன்றை வெளியிட்டார். தொழிலாளர் குழந்தைகளின் நலத்திற்குப் பாடுபட்ட மார்கரெட் மக்மில்லன் அதற்கு முன்னுரை அளித்தார். ஆறு வயதுக் குழந்தை முதல் இருபத்துநான்கு வயது யுவதி வரை படிப்படியாக வகுக்கப்பட்ட பாடங்கள் அதில் உள்ளன. சிறு குழந்தைக்கு முரட்டுத் துணி, பருத்த ஊசி, பளிச்சென்ற வர்ண நூல், நீண்ட தையல். துணியின் ஓரத்தை மடித்துத் தைக்கும் தையலையே வர்ண நூலால் இட்டால் அதுவே கரை அலங்காரமாகிவிடும். அலங்காரம் என்பது வேலை முடிந்த பின் மேலே பூசும் மெருகு அன்று. வேலைக்குள்ளிருந்தே பிறக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். அச்சிட்ட மாதிரியைப் பார்த்து நகல் எடுப்பதை அவர் விரும்பவில்லை. குழந்தை தானே நிறத்தைத் தேர்ந்து, தானே உருவத்தை வகுக்க வேண்டும். கீழ்ப்படிதலைப் பழக்குவதற்கென்று ஏற்பட்ட பாடம் சுயபுத்தியைப் பழக்கும் பாடமாக மாறியது.

இத்தகையவர் ஸ்திரீகளின் வாக்குரிமைக் கிளர்ச்சியில் சேர்ந்ததில் வியப்பில்லை. சட்டம் பயின்றோர் இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கிளர்ச்சியில் சிறை சென்ற பெண்கள் தங்களை அரசியல் கைதிகளாக முதல் வகுப்பில் வைக்கவேண்டுமென்று கோரினர், சர்க்கார் மறுத்தது. 1909 ஜூலையில் மேரியன் வாலஸ் டன்லப் அம்மையார் உண்ணாவிரதம் தொடங்கி 91 மணி நேரத்தில் விடுதலை பெற்றார். பிறரும் பின்பற்றவே, அவ்வாண்டு செப்டம்பர் முதல் குழாய் வழியே பலவந்தமாக உணவு செலுத்தும் கொடுமை ஆரம்பமாயிற்று. அவ்வாறு உண்ணாவிரதமிருந்த 80 பெண்களின் கையெழுத்துக்களை லினன் துணியில் தைத்து, மக்பெத் ஒரு மெத்தைப் போர்வையை அமைத்தார். 1910-ல் கிளாஸ்கோ கண்காட்சியில் அதை பெதிக்-லாரன்ஸ் அம்மையார் 10 பவுனுக்கு வாங்கினார். பிறகு அது கொடியாக உருமாறி, அவ்வாண்டு ஜூன் மாதம் லண்டன் மாநகரில் நடந்த பெரும் ஊர்வலத்தில் உயர்ந்து சென்றது. பெண்ணுக்கு அடக்கம் கற்பிக்க ஏற்பட்ட கைவேலை, அடங்காத பெண்களின் பெயர்ப் பட்டியலைத் தாங்கி வீதியில் வந்தது!

மக்பெத்தும் சிறை சென்றார். தனிக் கொட்டடியில் அடைபட்டார். பலவந்த உணவூட்டலுக்கும் ஆளாகி, 1912-ல் உடல் நலிந்திருந்தார். கண்ணாடிகளை உடைத்ததும் கட்டிடங்களுக்குத் தீ வைத்ததுமான அவ்வியக்கத்தின் பிற்கால முறைகள் நமக்குச் சம்மதமல்ல. 1909-ல் லண்டனிலிருந்த காந்தியடிகளும் அப்பெண்களின் தியாகத்தை மெச்சி, பலாத்காரத்தைக் கண்டித்தே எழுதினார். எனினும், சிறை சென்ற ஆசிரியையைக் கலாசாலை வேலையிலிருந்து நீக்கவில்லை என்பதை நாம் குறிப்பிடாமலிருக்க முடியாது. அரசியலில் ஈடுபட்ட உபாத்தியாயர்களுக்கு நமது ஜில்லா போர்டுகள் ஒரு காலத்தில் காட்டிய தயவை நினைவு கூர்வோருக்கு இதன் அருமை தெரியும்.

1918-ல் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதியினரும், 1928-ல் ஆண்களுக்குச் சமமாக எல்லோரும் வாக்குரிமை பெற்றனர். இதற்கிடையே மக்பெத் இங்கிலாந்தின் வடக்கே ஏரிகள் சூழ்ந்த பாட்டர்டேல் என்ற மலைக் கிராமத்தில் குடியேறினார். கலாசாலைக்கு வர இயலாத குடியானவப் பெண்களிடம் கலாசாலையே சென்றது என்று சொல்லலாம். அவ்வூரிலேயே வசித்து, அப்பெண்களுக்கு எளிய தறிகளில் ஜமக்காளம் நெய்யக் கற்பித்தார். 1929-ல் கிராமப் பெண்களுக்கான ஜமக்காளப் புத்தகம் ஒன்றும் எழுதினார்.

1948 மார்ச்சில் அவர் காலமானார். எண்பது பெயர்களைத் தாங்கிய கொடி லண்டன் காட்சிச்சாலையைச் சேர்ந்திருக்கிறது. பாட்டர்டேல் மாதா கோவிலிலோ அவர் தைத்த நல்ல மேய்ப்பனின் சித்திரம் இருக்கிறது. மேய்ப்பனுக்குப் பின்னால் தெரிவது அந்த ஊர்ப் பள்ளத்தாக்கேயாம்.