நார்வேயின் குரல்: கிர்ஸ்டன் ப்ளாக்ஸ்டாட்

இந்த மாதம் நான் சொல்லப்போவது ஒரு பாடகியின் கதை.

கிர்ஸ்டன் ப்ளாக்ஸ்டாட் 1895 ஜூலை 12ல் நார்வே நாட்டின் ஹாமர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா இசைக்குழு நடத்துனர், அம்மா பியானோ கலைஞர். 1913ல், 18 வயதில், தலைநகரின் தேசிய நாடக அரங்கில் முதன்முதலாக ஓபராவில் பாடினார். ஓபரான்னா கதையை பெரும்பாலும் பாட்டாலேயே சொல்ற நாடகம். அன்று நடந்தது 'டீஃப்லாண்ட்'. அதுல அவருக்குச் சின்ன வேஷம்தான்.

பிறகு அதே நகரின் ஓபரா காமிக் அரங்கில் சேர்ந்தார். அங்கே இத்தாலிய மேதை வெர்டியின் 'ஒத்தெல்லோ'வில் டெஸ்டிமோனாவாகப் பாடினார். அந்தக் காலத்தில் இத்தாலிய ஓபராவையும் நார்வே மொழியில் பெயர்த்துப் பாடுவதுதான் அங்கே வழக்கம். அது லேசுப்பட்ட வேலை இல்லைங்க! மெட்டை மாற்றக் கூடாது. சொல் மட்டும் மாறணும். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரோசையில் முடியும். நார்வே மொழியில் மெய்யெழுத்தில் முடியும் சொற்கள் நிறைய. 'கா' என்று நீட்டலாம், 'க்' என்று நீட்ட முடியுமா? சொல்லிப் பாருங்க!

இப்படியே ஏறக்குறைய 20 வருஷம். வெளியுலகில் அவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 1935 பிப்ரவரி 2ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் வாக்னரின் இசை நாடகத்தில் பாடினார். அது வானொலியிலும் ஒலித்தது. 39 வயதில் உலகப் புகழ்!

அடுத்து வந்தது சோதனை. 1941ல், நாஜிகள் பிடியில் இருந்த நார்வேக்கு, கணவரோடு இருப்பதற்காகத் திரும்பினார். கணவர் நாஜிகளுக்குத் துணைபோன கட்சியில் இருந்தவர். போர் முடிந்ததும் கைதாகி, விசாரணைக்கு முன்பே 1946ல் இறந்தார். இவரோ போர்க் காலத்தில் ஸ்வீடன், சுவிட்சர்லாந்து என்ற நடுநிலை நாடுகளில் மட்டுமே வெளியே போய்ப் பாடினார். ஆனாலும் 1947ல் அமெரிக்காவில் அவர் கச்சேரிகளுக்குக் கடும் எதிர்ப்பு. அவர் பாடுவதை நிறுத்தவில்லை.

1958ல் நார்வேயின் தேசிய ஓபராவுக்கு முதல் இயக்குநர் ஆனார். 1959ல் அது முதலில் அரங்கேற்றியது எது தெரியுமா? அதே 'டீஃப்லாண்ட்'!

1962 டிசம்பர் 7ல் மறைந்தார். 1997ல் வெளியான 100 குரோனர் நோட்டில் அவர் படம் அச்சானது.

கணவரைத் தேடிப் போனது தப்பா? நாடு தவிக்கும்போது யார் பக்கம் நிற்கிறோம்னு ஊர் பார்க்கத்தானே செய்யும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க. எனக்குப் பிடிச்சது அந்த 20 வருஷம்தான். கைதட்ட உலகம் இல்லாதபோதும் சொந்த மொழியில் பாடிக்கிட்டே இருந்தாரே, அது!


– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி