பேராசிரியர் கிப்பிங்

நாகூர்க் கடற்கரையில் கால் புதைய நடப்போர், தாம் மிதிக்கும் மணலின் மூலப்பொருளே தம் கூந்தலிற் பூசும் கண்டிஷனரிலும் வேறோர் உருவில் உறைகின்றது என்று எண்ணார். மணலிற் பெரும்பகுதி சிலிக்கனும் ஆக்ஸிஜனும் கூடிய பொருள். அச் சிலிக்கனைக் கரிமப் பொருள்களோடு பிணைத்து, விளைந்த பசைக்குச் சிலிக்கோன் என்று பெயரிட்டவர் பிரடெரிக் ஸ்டான்லி கிப்பிங் என்னும் ஆங்கிலேயர். தமிழ் பயிலும் எனக்கு இரசாயனம் அயற்புலமே. எனினும் இவர் வரலாறு சுவையுடையதாகலின் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

கிப்பிங் 1863-ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரை அடுத்துப் பிறந்தார். ஓவன்ஸ் கல்லூரியிற் கற்று, சிலகாலம் அந்நகர் எரிவாயுத் துறையிற் பணிபுரிந்து, 1886-இல் ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகருக்குச் சென்றார். ஆங்கு இளைய பெர்க்கினிடம் ஆராய்ச்சி பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். ஆசிரியரும் மாணவரும் பின்னர் ஹாலண்டு குடும்பத்துச் சகோதரியரை மணந்து சகலர் ஆயினர். இருவரும் சேர்ந்தியற்றிய கரிம இரசாயன நூல் பல்லாண்டு மாணவர்க்குப் பாடமாயிருந்தது. 1897-இல் நாட்டிங்ஹாம் கல்லூரிப் பேராசிரியரானவர், 1936-இல் ஓய்வு பெறுங்காறும் அவ்விடம் விட்டு நீங்கினாரில்லை.

சிலிக்கன் அணுவைச் சூழ நான்கு வெவ்வேறு தொகுதிகள் அமையின், இடக்கையும் வலக்கையும் போல ஒன்றற்கொன்று கண்ணாடி நிழலான இருவகைப் பொருள்கள் தோன்றுமோ? இதுவே அவரை ஆட்கொண்ட வினா. தோன்றும் என்று பலகாலம் முயன்று நிறுவினார். ஆயின் அவர் நாடியது ஒழுங்கான படிகங்களை. கலத்தினடியிற் பலகாலும் எஞ்சியதோ காய்ச்சி வடிக்கவும் இயலாப் பசை. கீட்டோன் என்னும் கரிமப் பொருளை ஒக்கும் எனக் கருதியே சிலிக்கோன் என்றார். ஒப்புமை பிழைபட்டது, சிலிக்கனும் ஆக்ஸிஜனும் மாறிமாறிக் கோத்த நெடுஞ் சங்கிலியே அது. காரணப் பெயராய்ப் பிறந்தது, காரணம் பொய்த்தபின் இடுகுறியாய் நிலைத்தது எனலாம்!

1936-இல் ராயல் சொசைட்டியில் ஆற்றிய பேருரையிலும், இத்துறையில் விரைவில் பெரும்பயன் விளையும் நம்பிக்கை தமக்கில்லை என்னும் கருத்தையே அவர் வெளியிட்டார். ஏழாண்டு கழியுமுன் இரண்டாம் உலகப் போர் மூண்டு, ஆகாய விமானங்களின் மின்கருவிகளுக்கு ஈரமும் வெப்பமும் தாங்கும் பசை வேண்டியதாயிற்று. 1943-இல் அமெரிக்காவில் சிலிக்கோன் செய்வதற்கென்றே டௌ கார்னிங் நிறுவனம் தோன்றியது. கிப்பிங் 1949-ஆம் ஆண்டு மே முதல் நாள் வேல்ஸ் நாட்டில் காலமானார். தொழிலின் தொடக்கத்தை உயிரோடிருந்து கண்டவர், அப்பசை கூந்தலுக்கு ஏறியதைக் கண்டிலர்.

அதன் செயலை மகளிரே பெரிதும் வினவுகின்றனர். நாகூர் தர்காவில் நேர்த்திக்கடனாக முடியிறக்கியோர்க்குப் புதிதாய் முளைக்கும் மயிர் வழுவழுப்பாயிருக்க, நீண்ட கூந்தலின் நுனி மட்டும் வறண்டு பிளப்பது ஏன்? மயிரின் மேற்புறம் ஓடு வேய்ந்தாற்போன்ற நுண்செதில்களால் ஆயது. அவற்றின்மேல் இயற்கையான கொழுப்புப் படலம் ஒன்றுண்டு. வெயிலாலும் சீப்பாலும் சாயத்தாலும் அது தேய்ந்து, செதில்கள் எழும்பிவிடும். சிலிக்கோன் அவற்றின்மேல் மெல்லிய போர்வையாய்ப் படிந்து உராய்வைக் குறைக்கின்றது. ஈரம் விரைந்து புகுதலையும் நீங்குதலையும் ஓரளவு தடுக்கின்றது. தானாக ஈரம் ஊட்டுவதில்லை. தேங்காயெண்ணெயோ மயிரினுள்ளும் ஊறவல்லது. சிலிக்கோன் புறத்தே நிற்பது. ஆகவே ஒன்று மற்றொன்றன் வேலையைச் செய்யாது.

சிலிக்கோன் கூந்தலை வறளச் செய்யும் என்னும் பழிச்சொல்லும் முற்றும் நேரியதன்று. டைமெத்திகோன் போன்ற நீரிற் கரையா வகைகள் நாளடைவில் அடுக்கடுக்காய்ப் படிந்து, மயிரைக் கனத்ததாயும் ஒளி மங்கியதாயும் ஆக்கலாம். அதனைப் போக்கக் கடுமையான ஷாம்புவை அடிக்கடி தேய்ப்பார், எஞ்சிய கொழுப்பையும் இழப்பர். அவ்வறட்சியின் பழியோ சிலிக்கோன்மேல் ஏறுகின்றது. நீரிற் கரையும் வகைகள் எளிதிற் கழுவப்படும். வளைய உருவினவோ காற்றில் ஆவியாகும். அவ்வளைய வகைகளிற் சில நீர்நிலைகளில் நெடுநாள் அழியாது தங்குதலின், கழுவிவிடும் பூச்சுகளில் அவை நூற்றில் பத்திலொரு பங்கு அளவை எட்டலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் வரையறுத்தது.