தேடிக் கற்றவர்

பொருளியல் பயிற்றிய எனக்கு, பற்றாக்குறையைக் கல்வியில் வென்றவராக உ.வே. சாமிநாதையர் தோன்றுகிறார். 1855-இல் பிறந்த அவரது தமிழ்க் கல்வி இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில்தான் வேரூன்றியது. அச்சுநூல்கள் அரிதான காலம். ஓர் ஆசிரியரிடமே அனைத்தும் கிடைக்கவில்லை. ஆகவே அரியலூரில் சடகோபையங்காரிடமும் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும் பாடம் கேட்டார்; கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலையும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையையும் கற்றார். 1871-இல் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து, அவர் மறையும்வரை பயின்றார்.

தெரிந்தவரைத் தேடிச் செல்லும் அப்பழக்கம் கல்லூரி ஆசிரியரான பின்னும் மாறவில்லை. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கக் கும்பகோணத்துச் சமணர்களிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் நூல் வெளிவந்தது.

இன்று நூல்கள் கைப்பேசியிலேயே குவிந்துள்ளன. கவனமே பற்றாக்குறையாகிவிட்டது. நம் மாவட்ட மாணவர்கள் நாள்தோறும் ஒரு நூலையேனும் ஊன்றிக் கற்று, ஐயம் எழுந்தால் ஆசிரியரை நாடுவார்களாக.