27 வயதில் அடங்கிய குரல்: யார் இந்த எஸ்.ஜி. கிட்டப்பா?

திருவனந்தபுரம் ஆரியசாலையில் நின்றால் மலையாளத்துக்கு நடுவே தமிழும் காதில் விழும். அங்கிருந்து நெடுமங்காடு, தென்மலை, ஆரியங்காவு தாண்டிப் போனால் செங்கோட்டை. இன்று அது தமிழ்நாடு. ஆனால் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. ஆக, தமிழ் நாடக மேடையின் மிகப்பெரிய பாடகர், பிறப்பால் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை!

எஸ் என்றால் செங்கோட்டை, ஜி என்றால் அப்பா கங்காதர அய்யர். 1906 ஆகஸ்ட் 25-ல் பிறந்தவருக்கு வீட்டில் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். கிட்டப்பா என்பது ஒட்டிக்கொண்ட பெயர். குடும்பத்தில் வறுமை. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயசில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவுக்குப் போய்விட்டார். முறையான சங்கீதப் பயிற்சி பெரிதாகக் கிடையாது. கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார்.

பிறகு கன்னையா கம்பெனி. பிரம்மாண்டமான செட்டுகளுக்குப் பேர்போன கம்பெனி அது. அங்கே 'தசாவதாரம்' நாடகத்தில் பரதனாக வந்த கிட்டப்பாவைப் பார்க்கவே கூட்டம் வந்தது. பார்க்க என்பதைவிடக் கேட்க என்று சொல்வதுதான் சரி.

ஏன் இவ்வளவு மவுசு? அந்தக் கொட்டகையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மைக் கிடையாது. ராத்திரி தொடங்கினால் விடிய விடிய நாடகம். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கவேண்டும். ஐரோப்பாவில் ஆப்பரா பாடகர்களுக்கும் இதே பிரச்சினைதான். அவர்கள் பல வருஷம் குரலைப் பழக்கி வாத்தியக் குழுவைத் தாண்டிப் பாடினார்கள். இங்கே ஹார்மோனியம், மிருதங்கத்துக்கு மேலே உச்ச சுருதியில் எழும்பும் குரல்தான் ஒரே ஆயுதம். கிட்டப்பாவின் குரல் மேலே போகப்போகக் கிறீச்சிடவில்லை, பிருகாக்கள் சிதறவில்லை. தியாகராஜரின் 'எவரனி' கிருதியை அவர் பாடிய இசைத்தட்டைக் கேட்டாலே புரிந்துவிடும். ஆனால் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான். மேடையில் ஒரே பாட்டை மணிக்கணக்கில் விரித்தவரை நாம் இன்று கேட்பது அந்த அளவுக்கு மட்டுமே.

1926-ல் இலங்கை. கொடுமுடியிலிருந்து வந்த கே.பி. சுந்தராம்பாள் அங்கே ஏற்கனவே நட்சத்திரம். கிட்டப்பாவோடு மேடையேறினால் உன் பாட்டு எடுபடாது என்று சிலர் அவரைப் பயமுறுத்தியதாகச் சொல்வார்கள். அவர் பயப்படவில்லை. எதிர்ப்பாட்டு, பதில் பாட்டு என்று இருவரும் மோதியதைக் கேட்க ஊர் திரண்டது. 1927-ல் கல்யாணம்.

இங்கே ஒன்றைப் பூசி மெழுகாமல் சொல்லவேண்டும். கிட்டப்பாவுக்கு 1924-லேயே கிட்டம்மாளோடு திருமணம் ஆகியிருந்தது. சாதியும் வேறு. சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. பிரிவும் வந்தது. இதைக் காவியக் காதல் என்று மட்டும் எழுதுபவர்கள் அந்தப் பெண்கள் இருவரும் பட்டதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

குடி, ஓயாத நாடகம், ஊர் ஊராகப் பயணம். உடம்பு தாங்கவில்லை. 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா இறந்தார். வாழ்ந்தது 27 வருஷம், 3 மாதம், சில நாட்கள். தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அதனால்தான் பாகவதரைத் தெரிந்த அளவுக்கு இவரை நமக்குத் தெரியவில்லை. அசையும் படத்தில் ஒரு நொடிகூட அவர் இல்லை.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு அழைத்தபோது, நந்தனாராக ஆண் வேடத்தில்தான் வந்தார். சம்பளம் 1 லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. 1953-ல் 'ஔவையார்'. 1980-ல் இறக்கும்வரை அந்த முடிவை அவர் மாற்றவில்லை.