சிலை வேண்டாம் என்ற தளபதிக்கு ஊரெல்லாம் சிலை: யார் இந்த ராபர்ட் இ. லீ?

2021 செப்டம்பர் 8. அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்ட். 131 வருஷமாக நின்றிருந்த ஒரு குதிரைவீரர் சிலையை கிரேன் தூக்கி இறக்கியது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். 21 அடி உயர வெண்கலச் சிலையை லாரியில் கொண்டுபோவதற்காக இரண்டாக அறுத்தார்கள்.

சிலையில் இருந்தவர் ராபர்ட் இ. லீ. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தரப்பின் தளபதி. தோற்றவருக்கு எப்படி இத்தனை சிலைகள்? அவற்றை எடுக்க ஏன் இவ்வளவு சண்டை? அவர் வாழ்க்கையைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

கடனில் மூழ்கிய அப்பா, முதல் வரிசை மாணவன்

லீ பிறந்தது 1807 ஜனவரி 19, வெர்ஜீனியாவில். அப்பா ஹென்றி லீ, அமெரிக்க சுதந்திரப் போரின் பிரபல குதிரைப்படை வீரர், மாநில ஆளுநராகவும் இருந்தவர். ஆனால் கடனில் மூழ்கி சிறைக்குப் போனார். லீக்கு 6 வயதானபோது குடும்பத்தை விட்டு வெளிநாடு போனவர், திரும்பி வீடு வந்து சேரவே இல்லை.

மகன் நேர் எதிர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஒரு ஒழுங்கீனப் புள்ளிகூட வாங்காமல் 1829-ல் இரண்டாம் இடத்தில் தேறினார். ராணுவப் பொறியாளர் ஆனார். 1831-ல் மேரி கஸ்டிஸைத் திருமணம் செய்தார். முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்கு மேரி கொள்ளுப்பேத்தி. மெக்ஸிகோ போரில் லீக்கு நல்ல பெயர் கிடைத்தது.

அடிமைகள் விஷயத்தில் என்ன செய்தார்?

லீ அடிமைமுறையை வெறுத்தவர் என்று அவரது ரசிகர்கள் சொல்வதுண்டு. அது ஒரு தீமை என்று 1856-ல் மனைவிக்குக் கடிதம் எழுதியது உண்மைதான். அதே கடிதத்தில், கறுப்பின மக்கள் பண்பட அது தேவை, எப்போது முடியும் என்பது கடவுள் கையில் என்றும் எழுதினார்.

மறுவருஷம் மாமனார் இறந்தார். சுமார் 200 அடிமைகளை 5 ஆண்டுக்குள் விடுவிக்க வேண்டும் என்பது அவரது உயில். அதை நிறைவேற்றும் பொறுப்பு லீக்கு வந்தது. எஸ்டேட் மேல் இருந்த கடனைக் காட்டி அவர்களிடம் தொடர்ந்து வேலை வாங்கினார் லீ. 1859-ல் வெஸ்லி நோரிஸ் என்ற அடிமை தப்பி ஓடிப் பிடிபட்டார். தன்னைச் சாட்டையால் அடிக்க லீ உத்தரவிட்டதாக நோரிஸ் 1866-ல் வாக்குமூலம் கொடுத்தார்.

ஒரு முடிவு, நாலு வருஷப் போர்

அடிமைமுறையைக் காப்பாற்ற தென்மாநிலங்கள் பிரிந்துபோய் ‘கூட்டமைப்பு’ என்று தனி நாடு அறிவித்தன. 1861 ஏப்ரலில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு லீயைத் தேடி வந்தது. ஆனா, அவரது வெர்ஜீனியாவும் பிரிந்துபோக முடிவு செய்திருந்தது. லீ ராஜினாமா செய்துவிட்டு எதிர்த்தரப்பில் சேர்ந்தார்.

எண்ணிக்கையில் பெரிய படையைப் பலமுறை வென்றார். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் நடந்த சண்டையில் தோற்றார். 1865 ஏப்ரல் 9 அன்று தளபதி கிராண்ட்டிடம் சரணடைந்தார். அந்தப் போரில் இறந்த வீரர்கள் 6 லட்சத்துக்கும் அதிகம். லீ குடும்பத்தின் ஆர்லிங்டன் எஸ்டேட்தான் இன்று அமெரிக்காவின் புகழ்பெற்ற ராணுவக் கல்லறைத் தோட்டம்.

போருக்குப் பிறகு லெக்சிங்டனில் ஒரு கல்லூரிக்குத் தலைவரானார். விடுதலையான கறுப்பினத்தவருக்கு அப்போதைக்கு ஓட்டுரிமை கூடாது என்று 1866-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு சொன்னார். 1869-ல் கெட்டிஸ்பர்க்கில் நினைவுக்கற்கள் வைக்க அவரை அழைத்தார்கள். போரின் காயத்தைக் கிளறாமல் இருப்பதே நல்லது என்று மறுத்துவிட்டார். 1870 அக்டோபர் 12 அன்று, 63 வயதில் இறந்தார்.

அப்போ சிலைகளை வைத்தது யார்?

லீயின் இந்த மறுப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. ரிச்மண்ட் சிலை திறக்கப்பட்டது 1890-ல். 1902-ல் வெர்ஜீனியாவின் புதிய அரசியல் சாசனம் தலைவரி, தகுதித் தேர்வு என்று தடைபோட்டு கறுப்பினத்தவரில் பெரும்பாலோரின் ஓட்டுரிமையைப் பறித்தது. 1904-ல் போர் நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்க மாநிலத்தில் சட்டமே வந்தது. சார்லட்ஸ்வில் ஊரில் லீ சிலை வைத்தது 1924-ல், போர் முடிந்து 59 வருஷம் கழித்து.

அந்தச் சிலையை எடுக்க 2017-ல் நகரமன்றம் முடிவு செய்தபோது, வெள்ளை இனவெறிக் குழுக்கள் அங்கே திரண்டன. அவர்களை எதிர்த்து நின்ற கூட்டத்துக்குள் ஒருவர் காரை ஏற்றியதில் ஒரு பெண் உயிரிழந்தார். 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் இறந்த பிறகு சிலைகளுக்கு எதிரான குரல் நாடெங்கும் பலமானது. 2021-ல் சார்லட்ஸ்வில் சிலையும் இறங்கியது. 2023-ல் அதை உருக்கிவிட்டார்கள்.

சிலைகளை எடுத்தால் வரலாறு அழிந்துவிடும், முன்னோரின் தியாகத்தை அவமதிப்பதாகும் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். விளக்கப் பலகை மாட்டினால் போதும் என்பவர்களும் உண்டு. ஆனா, கடிதம், உயில், நோரிஸின் வாக்குமூலம் எல்லாம் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. சிலை இறங்கியதால் அதில் எதுவும் தொலையவில்லை. இதில் எதையும் அந்தக் குதிரைச் சிலை ஒருநாளும் சொன்னதும் இல்லை. யாரைக் கௌரவிக்கிறோம் என்பதை மட்டும்தான் அது சொன்னது.

இதை 1890-லேயே ஒருவர் உரக்கச் சொன்னார். அடிமையாகப் பிறந்து, பத்திரிகை ஆசிரியராகவும் நகரமன்ற உறுப்பினராகவும் உயர்ந்த ஜான் மிட்செல். சிலைத் திறப்பு விழாவுக்கு நகரமன்றம் பணம் ஒதுக்குவதை எதிர்த்தார். சிலையை நிறுத்த உழைத்த கறுப்பினத்தவரே, காலம் வந்தால் அதை இறக்கவும் அங்கே இருப்பார்கள் என்று தன் பத்திரிகையில் எழுதினார்.

2021-ல் அந்தச் சிலையை இறக்கிய ஒப்பந்த நிறுவனத்தின் உரிமையாளர் ஒரு கறுப்பினத்தவர்.