சாதி பலம் 2% கூட இல்லை, ஆனால் இரண்டு முறை முதல்வர்: கர்பூரி தாக்கூர் பிகாரின் ஓட்டுக் கணக்கை மாற்றியது எப்படி?

பிகார் தேர்தல் வந்தாலே டிவி விவாதங்களில் ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும்: இ.பி.சி. தமிழில் சொன்னால், மிகவும் பிற்படுத்தப்பட்டோர். இந்த ஓட்டு யாருக்கு என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

2023-ல் பிகார் அரசு வெளியிட்ட சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி, மாநில மக்கள்தொகையில் இவர்கள் 36%. ஆனால் இது ஒரே சாதி இல்லை, 112 சாதிகள். மல்லா, நோனியா, தானுக், கானு, நாய் என்று பட்டியல் நீளும். தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சாதியும் 4%-ஐத் தொடவில்லை. யாதவர்கள் மட்டுமே 14%-க்கு மேல் இருக்கும் மாநிலத்தில், இவர்களை யார் கண்டுகொள்வார்கள்?

சிதறிக் கிடந்த இந்தச் சாதிகளை ஒரு ஓட்டு வங்கியாகப் பார்க்க வைத்ததில் பெரிய பங்கு ஒருவருக்கு உண்டு. அவர் கர்பூரி தாக்கூர்.

யார் இவர்?

1924-ல் சமஸ்திபூர் பக்கம் பிதௌஞ்சியா என்ற கிராமத்தில் பிறந்தார். முடிதிருத்தும் தொழில் செய்யும் நாய் சமூகம். 2023 கணக்குப்படி பிகாரில் இவர்கள் சுமார் 1.6%தான்.

1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்துக்காகக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை. வெளியே வந்து கொஞ்ச காலம் கிராமத்துப் பள்ளியில் வாத்தியார். 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சி சார்பில் தாஜ்பூரில் நின்று ஜெயித்தார். அதற்குப் பிறகு சாகும் வரை எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் அவர் தோற்கவில்லை.

சொந்தச் சாதியை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது. ஏன்னா, அவர் சாதிக்காரர்களின் ஓட்டை வைத்து ஒரு தொகுதியில்கூட ஜெயிக்க முடியாது. எண்ணிக்கை குறைந்த பல சாதிகளின் நம்பிக்கையைச் சேர்த்துத்தான் ஆகவேண்டும். அவருடைய அரசியலே அங்கிருந்துதான் தொடங்கியது.

ஆங்கிலத்தில் தொடங்கிய சண்டை

1967-ல் துணை முதல்வர், கையில் கல்வித்துறை. மெட்ரிக் தேர்வில் ஆங்கிலத்தில் பாஸ் ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கினார். கிராமத்துப் பிள்ளைகள் பலருக்குப் படிப்பு நின்றுபோனது அந்த ஒரு பாடத்தில்தான். படித்த நகரத்து வீடுகளில், ஆங்கிலம் இல்லாமல் பாஸ் ஆனவர்களைக் கர்பூரி டிவிஷன் என்று கிண்டல் செய்தார்கள்.

1970 டிசம்பரில் முதல் முறையாக முதல்வரானார். அந்த ஆட்சி ஆறு மாதம்கூட நிற்கவில்லை. எமர்ஜென்சிக்குப் பின் 1977-ல் ஜனதா அலையில் மறுபடியும் முதல்வர்.

1978: அந்த 26%

நவம்பர் 1978-ல் அவர் எடுத்த முடிவுதான் இன்றைய பிகார் அரசியலின் அடித்தளம். முங்கேரி லால் ஆணையத்தின் அறிக்கையை வைத்து, அரசு வேலைகளில் 26% இடஒதுக்கீடு கொண்டுவந்தார். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 12%, பிற்படுத்தப்பட்டோருக்கு 8%, பெண்களுக்கு 3%, உயர்சாதி ஏழைகளுக்கு 3%.

இதில் கவனிக்கவேண்டியது அந்த 12-ம் 8-ம். எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், நிலமும் படிப்பும் ஏற்கெனவே வைத்திருக்கும் பெரிய பிற்படுத்தப்பட்ட சாதிகளே இடங்களை எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அதனால் வரிசையையே இரண்டாகப் பிரித்தார்.

தமிழ்நாட்டிலும் இந்த யோசனை இருந்தது. சட்டநாதன் ஆணையம் 1970-லேயே பரிந்துரைத்திருந்தது. ஆனால் எம்.பி.சி. என்ற தனிப்பிரிவும் 20% ஒதுக்கீடும் இங்கே வந்தது 1989-ல்தான்.

கொடுத்த விலை

தெருவில் கலவரம் வெடித்தது. குலத்தொழிலைச் சொல்லி அவரைக் கேவலப்படுத்தும் கோஷங்கள் எழுந்தன. சொந்தக் கூட்டணிக்குள்ளும் எதிர்ப்பு. 1979 ஏப்ரலில் பதவி போனது. அவருக்குப் பதிலாக ராம் சுந்தர் தாஸ் என்ற தலித் தலைவர் முதல்வராக்கப்பட்டார்.

1984 மக்களவைத் தேர்தலில், இந்திரா காந்தி படுகொலைக்குப் பிந்தைய காங்கிரஸ் அலையில், சமஸ்திபூரில் தோற்றார். அடுத்த ஆண்டே மறுபடியும் சட்டமன்றத்துக்குப் போனார். 1988 பிப்ரவரி 17 அன்று, 64 வயதில் காலமானார்.

இப்போது ஏன் இவரைப் பற்றிப் பேசணும்?

அவருடைய அரசியல் வாரிசு என்று சொல்லிக்கொள்ளாத கட்சி பிகாரில் அநேகமாக இல்லை. லாலுவும் நிதிஷும் அவர் நிழலில் வளர்ந்தவர்கள். லாலுவின் பலம் யாதவர், முஸ்லிம் ஓட்டு என்றால், 2005-ல் ஆட்சிக்கு வந்த நிதிஷ் கைவைத்தது கர்பூரி பிரித்துக் காட்டிய அந்த மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஓட்டில். 2006-ல் பஞ்சாயத்துகளில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு கொடுத்தார். 2024 ஜனவரியில், நூற்றாண்டுக்கு முந்தைய நாள், மோடி அரசு கர்பூரிக்கு பாரத ரத்னா அறிவித்தது. அதுவும் தேர்தல் ஆண்டு.

மாலை போட எல்லோரும் ரெடி. அவருடைய கணக்கைப் போடத்தான் தயக்கம். மத்திய அரசின் 27% ஓ.பி.சி. ஒதுக்கீடு இன்னும் ஒரே வரிசைதான். அதைப் பிரிப்பது பற்றி ஆராய 2017-ல் அமைத்த ரோகிணி ஆணையம் 2023-ல் அறிக்கை கொடுத்துவிட்டது. அந்தப் பிரிப்பு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சாதிவாரிக் கணக்கெடுப்பு முடிந்து எண்கள் வெளியே வரும்போது, 1978-ல் அவர் எழுப்பிய கேள்வி மறுபடியும் மேஜைக்கு வரும்: வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு இடம் எங்கே?