ஆபிரகாம் பண்டிதர்

காவிரி பாயும் சோழநாடு நெல்வளத்திற்குப் பெயர்பெற்றது. ஆறும் வாய்க்காலும் குளமும் நிறைந்த அந்நாட்டிற்கு நீரே உயிராகும். ஆயினும், சென்ற நூற்றாண்டுகளில் அந்நீரின் வழியாகவே பெருந்துன்பம் ஒன்றும் அடிக்கடி வந்துற்றது. ஓரூரின் அழுக்கு, வாய்க்காலிற் கலந்து அடுத்த ஊரின் குடிநீரைக் கெடுத்தது. அதனால் வாந்திபேதி என்னும் கொள்ளைநோய் ஊர்விட்டு ஊர் தாவிற்று. காலையில் ஏர்பூட்டி உழுதவர் மறுநாட் காலையில் உயிரோடு இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. 1896ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக்கு நோய், இரண்டே ஆண்டுகளில் பெங்களூரை எட்டி, தென்னாட்டையும் நடுங்கச் செய்தது. மேலைநாட்டு மருத்துவ நிலையங்கள் அக்காலத்தில் பெரிய ஊர்களில் மட்டுமே இருந்தன. ஆதலின், சிற்றூர் மக்கள் நாட்டு மருத்துவரையே நம்பினர். அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையராய்த் தஞ்சையில் வாழ்ந்தவர் ஆபிரகாம் பண்டிதர் ஆவர்.

இவர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள், தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரை என்னும் ஊரிற் பிறந்தார். இவர்தம் பெற்றோர் முத்துசாமி, அன்னம்மாள் என்போர். செல்வம் மிக்க குடும்பம் அன்று. கல்வியே இவருக்குக் கைம்முதலாயிற்று. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பள்ளிப் பணி முடிந்தபின் எஞ்சிய பொழுதை இவர் வீணாக்கினாரல்லர். பழைய மருத்துவ ஏடுகளைப் படிப்பதிலும், இசை பயில்வதிலும் அப்பொழுதைச் செலவிட்டார்.

ஏட்டில் எழுதிய மூலிகையைக் காட்டில் இன்னதென்று கண்டறிதல் எளிதன்று. ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்கும். ஒரே பெயர் பல செடிகளைக் குறிப்பதும் உண்டு. ஆதலின் அறிந்தாரை நாடிச் சென்று கற்க வேண்டும் என்று இவர் துணிந்தார். கம்பம் பள்ளத்தாக்கின் அருகிலுள்ள சுருளிமலைக்குச் சென்று, ஆங்கு வாழ்ந்த கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு பணிந்தார். ஆபிரகாம் கிறித்தவர், முனிவரோ சித்தர் நெறியில் நின்றவர். அவ்வேற்றுமை கற்பிப்பார்க்கும் கற்பார்க்கும் தடையாகவில்லை. மருந்துகளின் செய்முறையையும் மூலிகைகளின் இயல்பையும் இவர் அப்பெரியாரிடம் கற்றுத் தெளிந்தார்.

1882ஆம் ஆண்டில் இவருக்கும் ஞானவடிவு பொன்னம்மாளுக்கும் திருமணம் நிகழ்ந்தது. அவ்வம்மையாரும் ஆசிரியப் பணி புரிந்தவர். அடுத்த ஆண்டில் இருவரும் தஞ்சைக்கு வந்து பள்ளியொன்றில் பணியாற்றினர். ஆசிரியர் வேலையோடு இவர் செய்துவந்த மருத்துவத்தின் பயனை அறிந்த மக்கள் நாடோறும் மிகுதியாக வரலாயினர். பள்ளியையும் நோயாளரையும் ஒருங்கே பேணுதல் இயலாதென உணர்ந்த இவர், 1890ஆம் ஆண்டில் ஆசிரியப் பணியை விடுத்து, மருத்துவத்தையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார்.

இவர் நிறுவியது கருணாநிதி வைத்தியசாலை. இவர் செய்த மருந்துகள் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் எனப் பெயர்பெற்றன. தம் பெயரை விடுத்துத் தம் ஆசிரியர் பெயரை மருந்துக்கு இட்ட செயல், இவர்தம் நன்றியுணர்வை நன்கு காட்டும். அம்மருந்துகள் தமிழ்நாட்டின் எல்லை கடந்தும் பரவின.

கொள்ளைநோய் பரவுங் காலத்தில் மருந்தை நாடுவோர் பெருகுவர். அப்பொழுது மூலிகையின் விலை ஏறும். கடைச்சரக்கிற் கலப்படம் மலியும். வேர் வேண்டிய இடத்தில் தண்டும், முற்றிய இலை வேண்டிய இடத்தில் உதிர்ந்த சருகும் சேரும். அஞ்சிய மக்கள் அவற்றையும் ஆராயாமல் வாங்குவர். மருந்தின் பெயர் ஏட்டிலுள்ளவாறே இருப்பினும், அதன் ஆற்றல் இராது. இக்கேட்டிற்கு இடமின்றி, பண்டிதர் தமக்கு வேண்டிய மூலிகைகளைத் தாமே பயிரிட முற்பட்டார். தஞ்சை நகரின் புறத்தே பரந்த நிலத்தை வாங்கி, அதனைத் திருத்தி, மருந்துச் செடிகளை வளர்த்தார். நெல்லும் கரும்பும் விளையும் நாட்டில், மூலிகைக்கெனத் தோட்டம் அமைந்தது. உழவிலும் புதிய முறைகளை இவர் ஆராய்ந்தார். மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் லாலி அத்தோட்டத்தைக் காண வந்தார். பண்டிதர் தோட்டம் என்னும் பெயர் இன்றும் தஞ்சையில் வழங்குகின்றது.

நோய் மலிந்த அந்நாட்களில் இவர்தம் மருந்துகளை நாடியோர் பலர். இவர்தம் பணியை மதித்து, அரசினர் 1909ஆம் ஆண்டில் ராவ் சாகிப் என்னும் பட்டத்தை வழங்கினர்.

ஈண்டு ஓர் உண்மையையும் உணர்தல் வேண்டும். பிளேக்கு நோயின் கிருமி 1894ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி அதனைப் பரப்புகின்றது என்பது 1898ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஆயினும், அந்நோயை உறுதியாகத் தீர்க்கும் மருந்து 1940ஆம் ஆண்டுகளிலேதான் கிடைத்தது. ஆகவே, பண்டிதர் காலத்தில் எந்நாட்டு மருத்துவரிடத்தும் அதற்கு முற்றிய மருந்து இருந்ததில்லை. சுரத்தைத் தணித்தலும், உடல்வலியைக் காத்தலும், அஞ்சியவர்க்கு ஆறுதல் அளித்தலுமே அன்று மருத்துவரால் இயன்றவை. இயன்றதைக் கலப்படமின்றிச் செய்வதே அக்காலத்து மருத்துவரின் அறமாயிருந்தது. அவ்வறத்தினின்றும் வழுவாது நின்றமையே பண்டிதரின் பெருமை.

மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இவர் தமிழிசைக்கு ஈந்தார். 1912ஆம் ஆண்டில் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, இசைவல்லாரைப் பல இடங்களினின்றும் அழைத்து மாநாடுகள் நடத்தினார். அவர்களுக்கு ஆகும் செலவைத் தாமே ஏற்றார். தம் இசைக்கொள்கையை மறைத்து வையாது, அறிஞர் அவையில் வைத்து ஆராயச் செய்தார். 1916ஆம் ஆண்டில் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிலும் கலந்துகொண்டார். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூல் 1917ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூற்பெயரிலும் ஆசிரியர் நினைவு பொதிந்திருத்தல் காண்க.

1918ஆம் ஆண்டில் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், பண்டிதர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்பொழுது இவருக்கு வயது அறுபது.

நூறாண்டு கழிந்தபின், 2020ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தது. அப்பொழுது தமிழ்நாட்டு அரசு, பதினைந்து சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. மேலை மருத்துவமும் தடுப்பூசியும் ஒருபுறம் காக்க, நாட்டு மருந்தும் மக்கள் நினைவுக்கு மீண்டும் வந்தது. அந்நாளிலும் சரக்கின் தூய்மையும், அளவின் ஒழுங்கும், பயனை ஆராய்ந்து கூறும் நேர்மையும் வேண்டப்பட்டன. பழைமை ஒன்றினாலேயே மருந்து சிறந்ததாகாது. நாட்டு மருந்து என்பதனாலேயே இகழத் தக்கதும் ஆகாது. செடியை அறிந்து, அதனைத் தாமே வளர்த்து, மருந்தாக்கி, நோயாளிக்கு ஈந்த ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கை, மாணவர்கள் என்றும் நெஞ்சிற் கொள்ளத் தக்கதாகும்.